ரோல்பேக்: 'பின்சுருட்டல்' வேண்டாம், 'கைவிடல்' போதும்

வணக்கம். தரவுத்தளக் கலைச்சொற்களை நம் ஆவணத்தில் தமிழில் எப்படி எழுதுவது என்பது பற்றி இது.

டிரான்சாக்‌ஷனுக்குப் (முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காத தரவுத்தள மாற்றங்களின் தொகுதி) 'பரிவர்த்தனை' என்பதில் தகராறு இல்லை. 'பரிமாற்றம்' என்றால் தரவை அனுப்பிப் பெறுவதோடு குழம்பும். சிக்கல் ரோல்பேக்கில்தான், அதாவது பரிவர்த்தனையை முடிக்காமல் ரத்துசெய்யும் கட்டளையில். 'பின்சுருட்டல்' ஆங்கிலத்தின் நிழல். 'முன்னிலை மீட்டல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. அலகுச் சோதனை (நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிப்பது) எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

தரவுத்தளத்தைத் திருத்தும் நிரலைச் சோதிக்க, முதலில் ஒரு பரிவர்த்தனையைத் திறக்கிறோம், நிரலை ஓட்டுகிறோம், அதே இணைப்பிலேயே பதிவுகளைப் படித்துச் சரிபார்க்கிறோம் (வேறு இணைப்புக்கு அவை தெரியாது), கடைசியில் ரோல்பேக். அட்டவணையில் எதுவும் மிஞ்சாது. ஆனால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் சீக்வென்ஸ் (புதுப் பதிவுகளுக்கு வரிசை எண் தருவது) கொடுத்த எண் திரும்பி வராது. முதல் சோதனை 1, 2, 3 எடுத்துவிட்டால் அடுத்த சோதனைக்கு 4 தான். 'ஐடி 1 ஆக இருக்க வேண்டும்' என்று எழுதிய சோதனை தனியே ஓடினால் தேறும், மற்றவற்றோடு ஓடினால் தோற்கும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் நடுவே ஓர் ஆல்டர் டேபிள் (அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை) வந்தாலே அதுவரை செய்தது தானாகக் கமிட் ஆகிவிடும், அதாவது நிலையாகப் பதிந்துவிடும். பிறகு ரோல்பேக் சொல்லிப் பயனில்லை.

ஆக, பழைய நிலை முழுதாகத் திரும்புவதில்லை. கமிட் ஆகாத மாற்றங்கள் விடப்படுகின்றன, அவ்வளவே. அதனால்தான் 'கைவிடல்' என்கிறேன். போஸ்ட்கிரெஸில் அபார்ட் கட்டளையும் ரோல்பேக்கும் ஒன்றே என்பதால் அதற்குத் தனிச்சொல்லும் வேண்டாம்.

மறுமொழி:

கைவிடல் எனக்கும் சம்மதம். சேவ்பாயிண்டுக்கும் (பரிவர்த்தனையின் நடுவே, திரும்பிவர இடும் குறி) சேர்த்தே முடிவு செய்வோம். ஒரே மின்னஞ்சலை இரு முறை சேர்த்தால் பிழை வருகிறதா என்று சோதிக்கிறோம் என்று வையுங்கள். பிழை வந்ததும் போஸ்ட்கிரெஸ் அந்தப் பரிவர்த்தனையில் அடுத்த எந்த வினவலையும் ஏற்காது. பிழை எதிர்பார்க்கும் வரிக்கு முன்பே சேவ்பாயிண்ட் இட்டிருந்தால்தான் தொடரலாம். 'சேமிப்புப் புள்ளி' என்றால் எதையோ வட்டில் சேமித்துவிட்டதாகப் புதியவர் நினைப்பார். 'மீள்புள்ளி' சரி. "மீள்புள்ளிக்குப் பிந்தியதைக் கைவிடு" என்று இயல்பாகச் சொல்லவும் வருகிறது.

கமிட்டுக்கு 'உறுதிசெய்தல்' கூடவே கூடாது. சோதனை நிரலில் அசெர்ட்டுக்கு (விளைவு எதிர்பார்த்தபடி இருக்கிறதா என்று பார்க்கும் வரி) அதைத்தான் எழுதுகிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் திண்டாடுவார். 'நிலைநிறுத்தல்' என்போம்.

கைவிடலுக்கும் நிலைநிறுத்தலுக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் நிற்பதல்ல. தள்ளிவைத்த ஃபாரின் கீ கட்டுப்பாடுகளை (ஓர் அட்டவணை சுட்டும் பதிவு மற்றதில் இருக்க வேண்டும் என்ற விதிகள்) போஸ்ட்கிரெஸ் நிலைநிறுத்தும்போதுதான் பார்க்கும். எப்போதும் கைவிடும் சோதனையில் அந்தப் பிழை வெளிப்படவே வெளிப்படாது. கைவிடுவதற்கு முன் 'செட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இம்மீடியட்' கொடுத்தால் அங்கேயே அகப்படும். ஜாங்கோ என்ற பைத்தான் வலைச்சட்டகத்தில் கமிட்டுக்குப் பின் ஓடவேண்டிய செயல்களும் (மின்னஞ்சல் அனுப்புவது போன்றவை) எப்போதும் கைவிடும் வழக்கமான டெஸ்ட்கேஸ் வகுப்பில் தாமாக ஓடா. அவற்றுக்கு உண்மையாகவே நிலைநிறுத்தி, முடிந்ததும் அட்டவணைகளைக் காலிசெய்யும் டிரான்சாக்‌ஷன்டெஸ்ட்கேஸ் இருக்கிறது. வேகம் குறைவு, ஆகவே தேவைப்படும் இடத்தில் மட்டும். முன்னதைக் 'கைவிடு சோதனை', பின்னதை 'நிலைநிறுத்து சோதனை' என்று ஆவணத்தில் எழுதலாமா?