கிராமத்து எம்.பி. இரண்டு நிமிடம் பேசினால் என்ன கிடைக்கும்?

வரப்போரம்:
எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஒரு காணொளி சுற்றுகிறது. கிராமப்புறத் தொகுதி எம்.பி. ஒருவர் மக்களவையில், உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எழுந்து, கொரோனாவுக்கு அப்புறம் சின்ன ரயில் நிலையங்களில் வண்டி நிற்காமல் போனதைப் பற்றிப் பேசுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்கள், கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகள், விடியற்காலையில் காய்கறிக் கூடையோடு கிளம்புகிறவர்கள் என்று ஒவ்வொருவரையும் எடுத்துச் சொல்கிறார். அதற்குக் கீழே ஒரு நண்பர், "இதெல்லாம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் பேச வேண்டியது, நாடாளுமன்றத்தில் நாட்டுப் பிரச்சினையைப் பேச வேண்டாமா?" என்று எழுதியிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. ரயில் மத்திய அரசின் கையில் இருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவர் யாரிடம் போய்க் கேட்பார்? அந்த 543 பேரில் நமக்கென்று இருப்பது ஒருவர்தான். அவர் பேசியது சரிதான் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
ரயில் நிறுத்தம் நாட்டுப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். என் மறுப்பு வேறு. பூஜ்ய நேரம் என்பது அவை விதிகளிலேயே கிடையாது. 1960-களில் வழக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது. குலுக்கலில் பெயர் வந்தால் பேசலாம், ஆனால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேசினார், உட்கார்ந்தார், காணொளி வந்தது. தொகுதியில் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதே விஷயத்தை 15 நாள் முன்னதாக எழுத்தில் கேள்வியாகக் கொடுத்திருந்தால், எத்தனை நிலையங்களில் நிறுத்தம் எடுக்கப்பட்டது, ஏன், திரும்பக் கொடுக்கும் எண்ணம் உண்டா என்று அமைச்சகம் எண்ணிக்கையோடு பதில் எழுத வேண்டியிருக்கும். எழுத்தில் மட்டும் பதில் வரும் நட்சத்திரக் குறியிடாத கேள்விகளுக்கே ஒரு நாளைக்கு 230 வரை இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கேமராவுக்கு முன்னால் இரண்டு நிமிடம் எதற்கு?

தென்னந்தோப்பு:
கணக்குப்பிள்ளை அண்ணே, கேள்வி நேரத்தின் நிலைமையையும் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20 பட்டியலாகும். அதிலும் நாலைந்துதான் வாய்மொழிப் பதிலுக்கு வரும். அவை முடங்கினால் அதுவும் போச்சு. 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே நடத்தவில்லை. முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2024-இல் முடிந்த 17-வது மக்களவை ஐந்து வருடத்தில் 274 நாள்தான். அவையே கூடாதபோது, கிடைத்த இரண்டு நிமிடத்தில் பேசியவரைப் போய் ஏன் பேசினாய் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்குப்பிள்ளை:
அவை குறைவாகக் கூடுவதால்தான் கிடைக்கிற நேரத்தைச் சரியான கதவில் தட்ட வேண்டும் என்கிறேன், தங்கச்சி.

பழைய கோப்பு:
இருவருக்கும் நடுவே ஒன்றை மறந்துவிட்டீர்கள். மக்களவை நடைமுறை விதிகளில் விதி 377. பல வருடம் அரசு வேலையில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். அதன் கீழ் ஒரு உறுப்பினர் வாரத்துக்கு ஒரு விஷயம் எழுப்பலாம், 250 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் அந்த உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் இது ஒரு காகிதம். உள்ளே இருந்தவனுக்குத்தான் அதன் வேகம் தெரியும். சாதாரண மனு மேசையில் மாதக்கணக்கில் தூங்கும். "நாடாளுமன்றக் குறிப்பு" என்று மேலே எழுதி வந்தால் அன்றைக்கே மாவட்டத்துக்குத் தொலைபேசி போகும், என்ன நிலை, ஏன் தாமதம் என்று கேட்பார்கள். கடைசியில் வரும் பதில் "சாத்தியமில்லை" என்றே இருக்கட்டும். ஏன் சாத்தியமில்லை என்ற காரணம் எழுத்தில் வந்துவிட்டதல்லவா? அதை மறுத்து அடுத்த கேள்வி போடலாம். வாயால் சொன்ன காரணத்தை அப்படிப் பிடிக்க முடியாது.

வரப்போரம்:
ஐயா, இது எனக்குத் தெரியாது. ஆனால் ஊரில் யாருக்கும் அந்தப் பதில் கடிதம் வந்து சேர்ந்ததே இல்லையே?

கணக்குப்பிள்ளை:
என் கோபமும் அதுதான். பேச்சு மட்டும் ஊருக்கு வருகிறது, பதில் வருவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அவையில் அமைச்சர் "பரிசீலனையில் உள்ளது" என்று சொன்னால் அது வெறும் சமாதானம் இல்லை, உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கவனிக்க 1953-இலிருந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. எத்தனை எம்.பி.க்கள் தங்கள் தொகுதி தொடர்பான உறுதிமொழியைப் பின்தொடர்ந்து போகிறார்கள்? பத்திரிகையும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை.

செங்காட்டுப் பனை:
ஒரு சின்ன விஷயம். உள்ளூர்ச் சாலை, குடிநீர், ஆரம்ப சுகாதார நிலையம் இவற்றை நாடாளுமன்றத்தில் கேட்டால் "மாநிலத்தின் பொறுப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், தொலைத்தொடர்பு மாதிரி நேரடியாக மத்திய அரசிடம் இருப்பதைப் பிடித்தால்தான் பலன். எந்தப் பிரச்சினை எந்தச் சபைக்கு என்று ஊரே தெரிந்து மனு கொடுக்க வேண்டும்.

யானைமலைக் காற்று:
ரயிலையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டி. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் சேர்த்து ஏறக்குறைய 2,000 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோதுதான் சுற்று வட்டாரத்துக்கே தூக்கம் போனது. ஆனால் வேர் எங்கே? 2023 ஜூலை கடைசியில் மக்களவை நிறைவேற்றிய கனிமச் சட்டத் திருத்தம். டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை அது மத்திய அரசிடம் கொடுத்தது. மணிப்பூர் கலவர விவகாரத்தில் அவை கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கூச்சலுக்கு நடுவே, பெரிய விவாதம் இல்லாமல் மசோதா போய்விட்டது.

கிராமத்து எம்.பி.யின் பெரிய வேலை அங்கேதான் இருந்தது என்பது என் வாதம். "இந்தப் பட்டியலில் உள்ள கனிமம் யார் வயலுக்கு அடியில் இருக்கிறது, அவர்களைக் கேட்டீர்களா?" என்று ஒருவர் எழுந்து கேட்டிருந்தால், ஊருக்கு ஒரு வருடம் முன்பே தெரிந்திருக்கும். பூஜ்ய நேரத்தில் ஒரு நிறுத்தம் கேட்பது எளிது. நூறு பக்கம் படித்து, அதில் தன் ஊரைக் கண்டுபிடிப்பது கடினம்.

தென்னந்தோப்பு:
மணிப்பூருக்காகக் குரல் கொடுத்ததும் மக்கள் பிரச்சினைதானே? அதைத் தப்பு என்கிறீர்களா?

யானைமலைக் காற்று:
இல்லை. ஒருக்காலும் இல்லை. அந்தக் குரல் தேவைதான். அதே நேரத்தில் மேசைக்கு வந்த மசோதாவைப் படிக்கவும் ஆள் வேண்டும் என்கிறேன்.

வரப்போரம்:
நீங்கள் சொன்ன கதையிலேயே எனக்கு ஆதாரம் இருக்கிறது. 2024 டிசம்பர் 9-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தில்லியில் தமிழக எம்.பி.க்கள் பேசினார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. பேச்சால் பலன் இல்லை என்றால் இது எப்படி நடந்தது?

யானைமலைக் காற்று:
ஜனவரி 7-ஐ விட்டுவிட்டீர்களே. அன்றைக்குத்தான் மேலூரில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரைக்கு நடந்து வந்தார்கள். பேச்சுக்குக் கனம் கொடுத்தது அந்தக் கால்கள். சனம் தெருவுக்கு வராமல் எம்.பி. மட்டும் பேசியிருந்தால் ரத்தாகியிருக்காது என்பது என் நம்பிக்கை.

பழைய கோப்பு:
இதில் நான் வரப்போரம் பக்கம் கொஞ்சம் சாய்வேன். நடந்தவர்களின் கோரிக்கை அரசின் பதிவில் ஏற வேண்டுமானால் யாராவது அவையில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. சரி, ரயிலுக்கு வருவோம். தம்பி, எந்தெந்த நிலையம், எந்த வண்டி, நிறுத்தம் எப்போது எடுக்கப்பட்டது, முன்பு தினம் எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். 250 வார்த்தைக்குள் நான் எழுதித் தருகிறேன். நீங்கள் உங்கள் எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். கூடவே ஒரு நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கும் வாசகம் போட்டுவிடலாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் நானும் இருக்கிறேன். விதி 377-இல் எழுப்பிய தேதியைச் சொல்லுங்கள், அதிலிருந்து முப்பதாவது நாள் இதே இடத்தில் பதில் எங்கே என்று கேட்பேன். காணொளியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

வரப்போரம்:
மாற வேண்டாம் அண்ணே. நானும் அந்தக் காணொளியை அழிக்கப் போவதில்லை. எங்கள் அத்தை அதை நாலு தடவை போட்டுக் கேட்டார், எங்கள் நிலையத்தின் பெயர் வருகிற இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்தி. பட்டியலுக்கு நாளைக் காலை ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருப்பவரிடம் போகிறேன். எந்த வண்டி எந்தத் தேதியில் நிற்காமல் போனது என்று அவருக்கு மனப்பாடம்.