1947 புரூக்ளின் டாட்ஜர்ஸ்: மேலாளர் இல்லாமல் வென்ற பட்டம் யாருக்குச் சேரும்?

கேள்வி:
1947 ஏப்ரல் 9 அன்று, பருவம் தொடங்க ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், அமெரிக்க பேஸ்பால் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸின் மேலாளர் லியோ டுரோஷருக்குப் பேஸ்பால் ஆணையர் ஹேப்பி சாண்ட்லர் ஓராண்டுத் தடை விதித்தார். ஆயினும் அவ்வணி 94 ஆட்டங்களில் வென்று, அந்நாட்டின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான தேசிய லீக்கின் பட்டத்தைக் கைப்பற்றியது. அப்படியென்றால் பேஸ்பாலில் மேலாளருக்கு என்னதான் வேலை? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அணி தலையில்லாமல் ஆடவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களைப் பயிற்சியாளர் கிளைடு சுகேஃபோர்த் கவனித்துக்கொண்டார். அதன்பின் அணி நிர்வாகத்தின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அழைத்ததன்பேரில் 62 வயது பர்ட் ஷாட்டன் பொறுப்பேற்றார். சீருடை அணியாமல் சாதாரண உடையிலேயே அமர்ந்திருந்ததால் அவர் ஆடுகளத்துக்குள் இறங்க இயலாது. பந்து எறிபவரை மாற்றுவதற்கும் நடுவரிடம் முறையிடுவதற்கும் பயிற்சியாளர்களையே அனுப்பினார். நடுவர்களோடு மல்லுக்கு நிற்பதில் பேர்போன டுரோஷருக்கு இவர் நேர் எதிர்.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான்; ஆனால் டுரோஷரின் பங்கை அத்தனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கறுப்பினத்தவர் என்பதால் ஜாக்கி ராபின்சனை அணியில் சேர்க்கக் கூடாதென்று சில வீரர்கள் கையெழுத்து திரட்ட முனைந்தபோது, பனாமாவில் பயிற்சிக்காகத் தங்கியிருந்த அவர்களை நள்ளிரவில் எழுப்பிக் கூட்டி, ராபின்சன் ஆடியே தீருவார் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்தான். ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களமிறங்கியபோது டுரோஷர் அங்கே இல்லை. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகமாக 29 தளங்களைத் திருடி (அதாவது, பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்து), சிறந்த புதுமுக வீரருக்கான முதல் விருதை ராபின்சன் பெற்றார். என்னைக் கேட்டால், பட்டத்தில் பாதி பனாமாவிலேயே உறுதியாகிவிட்டது.

பதில் 3:
பாதி என்பது சற்று மிகை. இரு லீக்குகளின் பட்டம் வென்ற அணிகள் மோதும் உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணியான யாங்கீஸின் பந்து எறிபவர் பில் பெவன்ஸ் ஒரு ஹிட்கூட (மட்டையாளர் பந்தை அடித்துத் தளம் சேர்வது) கொடுக்காமல், இன்னும் ஒரே ஒருவரை வீழ்த்தினால் வெற்றி என்ற கட்டத்துக்கு வந்துவிட்டார். அப்போது எடி ஸ்டாங்கியை நிறுத்திவிட்டு குக்கி லாவகெட்டோவை மட்டை பிடிக்க அனுப்பியது ஷாட்டனின் முடிவு. லாவகெட்டோ அடித்த ஒரே அடியில் இருவர் ஓடி வர, டாட்ஜர்ஸ் 3-2 என வென்றது. தொடரை ஏழாவது ஆட்டத்தில் இழந்தது வேறு கதை. தடை முடிந்து திரும்பிய டுரோஷர் 1948 ஜூலையில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்குப் போய்விட, திரும்பவும் அழைக்கப்பட்ட ஷாட்டன் 1949இல் மீண்டும் லீக் பட்டம் வென்றுகொடுத்தார்.