மூடுபனி நாளில் ஏற்காடு ஏறும்போது வண்டி அடைக்கிறது: ஈரக்காற்று கனமானதா?

கேள்வி (கோரிமேட்டுக்காரர்):
அனைவருக்கும் வணக்கம். கோரிமேட்டில் குடியிருந்து ஏற்காட்டில் வேலை பார்ப்பதால், கார்புரேட்டர் வைத்த 100 சிசி வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்குகிறேன். வெயில் நாளில் சலிக்காமல் ஏறுகிற வண்டி, ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் பதினைந்தாவது வளைவைத் தாண்டியதும் விட்டுவிட்டு அடைக்கிறது. ஈரக்காற்று கனமானது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் போதவில்லை, ஆகவே கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத்திருகான ஜெட்டைப் பெரிதாகப் போட வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். செலவு செய்வதற்கு முன் கேட்கிறேன், அவர் சொல்வது சரிதானா?

மறுமொழி (பட்டறைக்காரர்):
நனைந்த துணி கனப்பதைப் போல ஈரக்காற்றும் கனக்கும் என்றே நானும் எண்ணியிருக்கிறேன். ஆயினும் ஜெட்டைத் தொடாதீர்கள். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, பெட்ரோல் தானாகவே மிகுதியாகிவிடும். முதலில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி (இயற்பியல் ஆசிரியை):
துணியில் நீர் கூடுதலாகச் சேர்கிறது. காற்றிலோ நீராவி இடம் பிடித்துக்கொள்கிறது. ஒரே வெப்பநிலையும் அழுத்தமும் இருந்தால், எந்த வாயுவானாலும் சம கனஅளவில் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளே இருக்கும் என்று 1811இல் அவகாட்ரோ கூறினார். நைட்ரஜன் மூலக்கூறின் நிறை 28, ஆக்சிஜனுடையது 32, நீருடையது 18 மட்டுமே. எனவே நீராவி நுழைந்த அளவுக்குக் கனமான மூலக்கூறுகள் வெளியேறுகின்றன, ஈரக்காற்று இலேசாகிறது.

ஏற்காட்டின் சுமார் 1500 மீட்டர் உயரத்தில், 20 பாகை செல்சியஸில், முற்றிலும் உலர்ந்த ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 1008 கிராம் இருக்கும். அது ஈரத்தால் நிறைவுற்றால் 17 கிராம் நீராவி வந்து, சுமார் 28 கிராம் உலர்காற்று போய்விடும். ஆக நிறை ஒரு விழுக்காடுதான் குறைகிறது. ஆனால் ஆக்சிஜன் கிட்டத்தட்ட மூன்று விழுக்காடு குறைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் மூடுபனித் துளிகளைச் சேர்த்தாலும் கனமீட்டருக்கு அரை கிராம் தேறுவதே அரிது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குள் காற்றழுத்தமே ஏறக்குறைய 14 விழுக்காடு குறைகிறது. வெயில் நாளில் அதைத் தாங்கும் வண்டி இச்சிறு ஈரத்தால் அடைக்காது. காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

மறுமொழி (பட்டறைக்காரர்):
இத்தனை ஆண்டுகளாகத் தவறாக நினைத்திருந்தேன், விளக்கத்திற்கு நன்றி டீச்சர். கோரிமேட்டு நண்பரே, விட்டுவிட்டு அடைப்பது பெரும்பாலும் கரண்ட் கோளாறு. இரவில் விளக்கை அணைத்து, வண்டியை ஓடவிட்டு, பிளக் கேப் (பொறி தரும் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோகும் மூடி) மீது ஸ்பிரே பாட்டிலால் சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். கையால் மட்டும் தொடாதீர்கள்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன் அண்ணா. ஃபில்டர் உலர்ந்தே இருந்தது. நீர் பட்டவுடன், பிளக் கேப்பின் ரப்பரில் இருந்த மயிரிழை வெடிப்பு வழியாக நீலப் பொறி நெளிந்து எஞ்சினுக்குத் தாவியது. அதே நொடியில் வண்டியும் அடைத்தது. கேப்பை மாற்றி, மூன்று நாள்களாக மூடுபனியிலேயே ஏறி வருகிறேன். உச்சியில் இழுவை சற்றுக் குறைவுதான். அது வெயில் நாளிலும் உள்ளதே. ஜெட்டை மாற்றவில்லை.