மடிக்கணினி பத்து நிமிடத்தில் மந்தமாகிவிடுகிறது: வேகத்தைக் குறைத்தால் தீருமா?

லயத்துவீடு (சுங்கை சிப்புட்):
வணக்கம். திருமண வீடியோ தொகுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒருவர் பயன்படுத்திய மடிக்கணினியை வாங்கி வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ7-9750எச் செயலி, அதாவது கணக்கிடும் சில்லு. வேலை பார்ப்பது தகரக் கூரை போட்ட தோட்டத்து லயத்தில். மதியம் தொகுத்த படத்தை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யத் தொடங்கினால் முதலில் 4 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது. பத்து நிமிடத்தில் வெப்பம் 97 டிகிரிக்குப் போய், வேகம் 2-க்கு விழுந்துவிடுகிறது. விசைப்பலகையின் மேல் வரிசையில் விரல் வைக்க முடியவில்லை. ஒரு மணி நேரப் படத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. கடையில் புதிது வாங்கச் சொல்கிறார்கள். அறைக்குக் குளிர்சாதனம் போட்டால் போதுமா? சனிக்கிழமை கல்யாண வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும்.

கம்பிவேலை (தாப்பா):
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். செயலி கெட்டுப்போகவில்லை, 100 டிகிரி எல்லையைத் தாண்டாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது.

சில்லு இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேராக ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கமாக ஏறும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும், வம்பு அங்கேதான். 3-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்குப் போக, 0.9 வோல்ட் 1.2 ஆகிறது என்று வையுங்கள். வேகம் ஒன்றரை மடங்கு. மின்திறன் ஏறக்குறைய 2.7 மடங்கு. அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். உங்கள் செயலிக்குக் குறித்துள்ள 45 வாட், 2.6 அடிப்படை வேகத்துக்கான கணக்கு. 4.5 என்பது சற்று நேரத்துக்கு மட்டும் எட்டிப் பிடிக்கும் உச்சம்.

இன்டெலே இந்தச் சுவரில் முட்டியிருக்கிறது. 2004-இல் அவர்களின் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸை 115 வாட்டில் எட்டியது. அடுத்து வரவிருந்த தேஜாஸ் செயலியை அதே ஆண்டில் கைவிட்டு, ஒரே சில்லில் இரண்டு கணக்கிடும் பகுதிகள் வைக்கும் இரட்டைக் கருவுக்குத் திரும்பினார்கள்.

விண்டோஸ் மின் அமைப்பில் அதிகபட்சச் செயலி நிலையை 99 விழுக்காடாக வையுங்கள். அடிப்படை வேகத்தைத் தாண்டித் தாவும் டர்போ நின்றுவிடும். 2.6-இல் விழாமல் ஓடுவது, 4-இல் தொடங்கி 2-இல் தவழ்வதைவிட நல்லது.

செம்பனைநிழல் (தெலுக் இந்தான்):
அண்ணன் சொன்னது சரி, ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். பின்மூடியைக் கழற்றி விசிறியைப் பாருங்கள்; சில்லின் வெப்பத்தைச் செப்புத் தகட்டுக்குக் கடத்தும் வெப்பப் பசையும் காய்ந்திருக்கும். அதன் பிறகு டர்போவை விட்டுவைத்து, திராட்டில்ஸ்டாப் மென்பொருளில் மின்திறன் வரம்பை மட்டும் 45 வாட்டில் கட்டுங்கள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழி உங்களுக்கு அடைபட்டிருக்கலாம். 2019 டிசம்பரில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைக்காகப் பயாஸ் எனும் கணினியின் அடிப்படை மென்பொருளுக்கு வந்த பல திருத்தங்கள் அதைப் பூட்டிவிட்டன.

குளிர்சாதனம் வேண்டாம். ஒரு குதிரைத்திறன் இயந்திரமே ஏறக்குறைய 800 வாட் இழுக்கும். 45 வாட் சில்லுக்காக அந்த மின்கட்டணமா? விடியலில் ஏற்றுமதி செய்யுங்கள். வெயில் ஏறினால் பால் வடியாது என்றுதானே நம் பாட்டிமார் இருட்டோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனார்கள்?

லயத்துவீடு:
அண்ணன், அக்கா இருவருக்கும் நன்றி. 99 வைத்ததும் 1 மணி 55 நிமிடத்தில் முடிந்தது. நேற்று மூடியைத் திறந்தேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, விபூதி நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒரு படலம். குறட்டால் பிடித்து இழுக்க, கிழியாமல் அப்படியே முழுதாக வந்தது. மாலைதோறும் போடும் சாம்பிராணிப் புகை அதில் மணத்தது. பழைய பசை உதிர் மண்ணாக இருந்தது. துடைத்துப் புதிது வைத்து, வரம்பை 45 வாட்டில் கட்டினேன்.

இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு அதே படம் 1 மணி 32 நிமிடம். வெப்பம் 83-ஐத் தாண்டவில்லை, வேகம் 3-க்கு அருகிலேயே நின்றது. கணினியைச் சாமி மேடைக்குப் பக்கத்திலிருந்து சன்னலோரம் மாற்றிவிட்டேன். பசையை மறுபடி எப்போது மாற்ற வேண்டும்?

கம்பிவேலை:
நாள் கணக்கு வேண்டாம் தம்பி. இந்த 83-ஐக் குறித்து வையுங்கள். இதே படம், இதே நேரம், 90-ஐத் தாண்டினால் முதலில் தூசியைப் பாருங்கள். அதிலும் குறையாவிட்டால் பசை.