தட்டுச் சத்தத்துக்குப் பதறிய நாய்க்குட்டி காவலுக்கு ஆகாதா?

பண்ணைக்காட்டான்:
முந்தாநாள் இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார்: "பிறந்த 49ஆம் நாள் குட்டி பக்கத்துல எவர்சில்வர் தட்டைப் போடு. பதறுனா டிரைவ் (உள்ளுக்குள்ள இருக்குற உந்துதல்) இல்ல, யாருக்காவது தள்ளிவிட்டுடு." படிச்சதுல இருந்து மனசு ஆறல. 22 வருஷமா காபித் தோட்டத்துல நாய் வளக்குறேன். பதறாத குட்டி ஏது? பதறிட்டுத் திரும்ப வந்து தட்டை மோந்து பாக்குதா, எத்தனை விநாடியில வருது, அதைத்தான் பாக்கணும்.

கோத்தகிரித் தேயிலை:
எழுதினது நான்தான். பேர் சொல்லியே கேக்கலாம். எங்க பக்கம் சிறுத்தை வருது. தட்டுக்கே பதறுற குட்டி சிறுத்தைக்கு என்ன செய்யும்?

பண்ணைக்காட்டான்:
சிறுத்தைக்குப் பதறாத நாய் சிறுத்தைக்கு இரை. குரைச்சு ஆளை எழுப்பணும், வாசலுக்கு வந்துடணும். அதுதான் காவல்.

தாண்டிக்குடி மிளகு:
அண்ணே, டிரைவ்னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? துரத்துற வெறியா, காவல் குணமா, ஆளோட ஒட்டுறதா?

கோத்தகிரித் தேயிலை:
பதறுச்சா இல்லையா, அவ்வளவுதான். போன ராஜபாளையம் ஈத்துல 5 குட்டிக்கும் தட்டு போட்டேன். ஒண்ணு மட்டும் காதைக்கூட அசைக்கல. அதைத்தான் வச்சிருக்கேன்.

பண்ணைக்காட்டான்:
அதுக்குக் காது கேக்குமா? வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு ராஜபாளையத்துல பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்னால நின்னு விசில் அடிச்சுப் பாருங்க. செவிட்டைத் தைரியம்னு வச்சுக்கிட்டு, நல்ல குட்டி நாலைத் தள்ளிவிட்டிருக்கீங்க. வயிறு எரியுது.

கோத்தகிரித் தேயிலை:
என் நாயைச் செவிடுன்னு சொல்ல நீங்க யாரு? உங்ககிட்ட வாங்கின கோம்பை நாய் தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சே, மறந்துட்டீங்களா?

பண்ணைக்காட்டான்:
மறக்கல. 8 வாரம் பொறுங்கன்னேன். 35 நாள்ல வீம்புக்குத் தூக்கிட்டுப் போய்க் கூண்டுல அடைச்சீங்க. 3 வாரத்துல இருந்து 12 வாரம் வரைக்கும் பாக்குறது, கேக்குறது, பழகுறதுதான் குட்டியோட குணத்தைக் கட்டுது. கூண்டுல என்னத்தைக் கேட்டிருக்கும்?

கொடை ஹோம்ஸ்டே:
எனக்குக் காவலே வேணாம் சார். வர்ற குழந்தைங்களோட பழகினாப் போதும். லேப்ரடார் எடுக்கலாமா?

தாண்டிக்குடி மிளகு:
நாட்டு நாய் இருக்க லேப்ரடார் எதுக்கு? ரோமத்தைக் காய வைக்கவே நாள் போயிடும்.

கொடை ஹோம்ஸ்டே:
குளிர் தாங்க ரோமம் வேணாமா? உங்க கோம்பை டிசம்பர்ல நடுங்குறதைப் பாத்திருக்கேன்.

பண்ணைக்காட்டான்:
இனத்தை விடுங்க. துரத்துற வெறி கம்மியான குட்டியா எடுங்க. கொடைக்கானல்ல வீதியிலயே காட்டுமாடு நிக்குது. வெறி பிடிச்ச நாய் மாட்டைச் சீண்டிட்டு நம்ம காலடிக்கே ஓடிவரும், பின்னாலயே மாடும் வரும். எனக்கு நடந்தது. பலா மரத்துக்குப் பின்னால ஒதுங்கித்தான் தப்பிச்சேன்.

கோத்தகிரித் தேயிலை:
பேச்சை மாத்தாதீங்க. இப்பத்தான் தட்டைப் போட்டேன். என் நாய் திரும்பிப் பாத்துச்சு. காது நல்லாக் கேக்குது.

பண்ணைக்காட்டான்:
தரை அதிர்ந்தாலும் திரும்பும். சரி, கேக்குதுன்னே வச்சுக்குவோம். திரும்பினா உங்க கணக்குல அது பதறல் இல்லையா?

கோத்தகிரித் தேயிலை:
திரும்பிப் பாக்குறது பதறல் ஆகாது.

பண்ணைக்காட்டான்:
வந்து மோந்துச்சா? எத்தனை விநாடி? அதை எழுதுங்க.

கோத்தகிரித் தேயிலை:
மோந்து பாக்க அவசியமில்ல. பதறல.