கை நீளம் வெற்றியைத் தீர்மானிக்கிறதா? உசிக் – ஃபியூரி மோதலை முன்வைத்து

நெடுங்கை:
2024 மே மாதம் ரியாத்தில் நடந்த ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டையில் பிரிட்டனின் ஃபியூரியை உக்ரைனின் உசிக் வென்றதிலிருந்து, ‘கை நீளத்தில் ஒன்றுமில்லை’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. விளாடிமிர் கிளிட்ச்கோவைப் பாருங்கள். 81 அங்குலக் கை. இடது ஜாபை (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்குத்து) நீட்டி எதிராளியை எட்டவே நிறுத்துவார். தப்பி நெருங்கினால் கட்டிப்பிடித்துவிடுவார். 2006 முதல் 2015 வரை ஹெவிவெயிட் பட்டம் அவரிடமே இருந்தது. 85 அங்குலக் கையுடன் ஃபியூரி வந்த அன்று அந்த ஜாப் செத்துப்போனது. இதற்கு வேறு என்ன விளக்கம்?

உள்வட்டம்:
அன்று கிளிட்ச்கோவுக்கு 39 வயது. ஃபியூரி தலையை ஓயாமல் அசைத்தார், இடையிடையே கால் மாற்றி நின்றார். கிளிட்ச்கோ குத்தவே தயங்கினார். கை நீளம்தான் காரணம் என்றால், அதே ஃபியூரி 78 அங்குல உசிக்கிடம் இரண்டு முறை தோற்றது எப்படி? முதல் மோதலில் ஃபியூரி ஓங்கிய நடு ரவுண்டுகளைத் திரும்பப் பாருங்கள். பலன் தந்தவை வயிற்றுக் குத்துகளும் அப்பர்கட்டும் (கீழிருந்து தாடையை நோக்கி மேலெழும் குத்து). இரண்டும் கை மடங்கி விழுபவை!

நெடுங்கை:
எவ்வளவு நூலிழையில் தோற்றார் என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. 115-112, 114-113 என இரண்டு நடுவர்கள் உசிக் பக்கம். மூன்றாமவர் 114-113 என ஃபியூரி பக்கம். ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து கவுண்ட் வாங்கினார்; அதாவது வீழ்ந்ததாகக் கருதி நடுவர் எண்ணினார், அதனால் ஒரு புள்ளி போனது. அந்த ஒரு புள்ளி போகாமல் இருந்திருந்தால் மோதல் சமனில் முடிந்திருக்கும். உசிக் போன்ற ஒரு கால்வேலைக்காரரே அவ்வளவு திணறினார்.

பழைய கையுறை:
தம்பிகளே, நான் இளமையில் சில ஆண்டுகள் அமெச்சூர் ரிங்கில் நின்றவன். இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பட்டியலில் போடும் அந்த அங்குலக் கணக்கு, இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளப்பது. மார்பின் அகலமும் அதற்குள் அடக்கம். தோள் அகன்றவனுக்கும் ஒடுங்கியவனுக்கும் ஒரே எண் வரலாம். ஜாப் போய்ச் சேரும் தூரம் ஒன்றாக இருக்காது.

எனக்கு மறக்க முடியாதது 1990-இல் டோக்கியோவில் நடந்த மோதல். அன்றைய உலகச் சாம்பியன் மைக் டைசனுக்கு 71 அங்குலம், எதிராளி பஸ்டர் டக்ளஸுக்கு 83. தன்னைவிட நெடிய கைகளை டைசன் அதுவரை எத்தனை முறை உடைத்திருக்கிறார்! இருபது வயதில் அப்போதைய சாம்பியன் பெர்பிக்கை வீழ்த்தியபோது அவர் தலை ஓர் இடத்தில் நின்றதே இல்லை. டோக்கியோவில் அந்தத் தலை நின்றுவிட்டது. டக்ளஸின் ஜாப் தடையின்றி முகத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்தார்.

உள்வட்டம்:
ஐயா, நான் சொல்வதும் அதுதான். தோற்றது தலையசைவு.

நெடுங்கை:
அளவு முறை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குட்டைக் கைக்காரன் பன்னிரண்டு ரவுண்டும் தலையை அசைத்தாக வேண்டும், கால் ஓயக்கூடாது, ஒவ்வொரு முறையும் அடிவாங்கும் எல்லையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். நெடுங்கைக்காரனுக்கு அந்தச் சுமை இல்லை. எட்டாவது ரவுண்டில் டைசன் ஒரே ஒரு முறை சரியாக உள்ளே புகுந்து, அப்பர்கட்டால் டக்ளஸைத் தரையில் சாய்த்தார். டக்ளஸ் எழுந்தார். எழுந்தவர் மறுபடி நம்பியது அதே ஜாபைத்தான்.