நேர்முகத் தேர்வில் ஆட்டிசம் இருப்பதைச் சொல்லலாமா?

ஈசூன் அம்மா:
என் மகனுக்கு 24 வயது, ஆட்டிசம் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஐடி படித்துப் பட்டயம் வாங்கினான். நீளமான பட்டியலில் ஒரு எண் தப்பாக இருந்தாலும் அவன் கண்ணில் பட்டுவிடும். வேலைதான் அமையவில்லை. அண்மையில் ஒரு நிறுவனத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்களாம். "எந்த வயதிலிருந்து?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு அது நியாயமான கேள்வி. எதிரே இருந்தவருக்குத் திமிராகப் பட்டிருக்கிறது, சீக்கிரமே அனுப்பிவிட்டார். அடுத்த இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடலாமா? இவன் அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார்.

மனிதவளக்காரன்:
சொல்லிவிடுங்கள் அக்கா. ஆள் எடுப்பதுதான் என் வேலை. முகம் பார்க்காமல் ஒற்றை வரியில் பதில் சொல்பவரை, காரணம் தெரியாவிட்டால் 'ஆர்வமில்லை' என்றுதான் குறித்துக்கொள்வார்கள். தெரிந்தால் கேள்விகளை முன்னாலேயே அனுப்பலாம், பேச்சுக்குப் பதில் வேலை கொடுத்துப் பார்க்கலாம். உடற்குறையுள்ள (ஆட்டிசமும் இதில் சேரும்) ஒருவரின் மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குக் கீழ் என்றால், அதில் 20 விழுக்காடு வரை, மாதம் 400 வெள்ளிக்கு மிகாமல், சிங்கப்பூர் அரசாங்கம் முதலாளிக்குக் கொடுக்கிறது. வேலையை அவருக்கு ஏற்றபடி மாற்றியமைக்க உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு மூலம் மானியமும் உண்டு.

புக்கிட் பாஞ்சாங் வாசி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கே ஆட்டிசம்தான். முதல் வேலையில் சொன்னேன். நிரல் எழுத எடுத்தவர்கள் தாள்களை ஸ்கேன் செய்ய உட்கார வைத்தார்கள். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். அடுத்த வேலையில் வாயே திறக்கவில்லை. தலைக்குமேல் இருந்த விளக்கு கண்ணைக் குத்துகிறது, இடம் மாற்றுங்கள் என்றேன், மாற்றினார்கள். வேலையை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன், அனுப்புகிறார்கள். இதற்கெல்லாம் ஆட்டிசம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பிவிடாதீர்கள். வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. உடற்குறையைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது, நல்லது. ஆனால் நடப்புக்கு வருவது 2027ல்தான். 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஆரம்பத்தில் விலக்கும் உண்டு. சின்ன கம்பெனியில் சொல்லிவிட்டு, அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது?

மனிதவளக்காரன்:
உங்களால் கேட்க முடிந்தது தம்பி. எல்லாராலும் முடியுமா? எங்களிடம் சொல்லாமல் சேர்ந்த ஒருவர், தீயணைப்பு ஒத்திகை மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். மேலாளர் அதட்டினார். தெரிந்திருந்தால் காலையிலேயே அவருக்குச் சொல்லி வைத்திருப்போம்.

புக்கிட் பாஞ்சாங் வாசி:
காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பரிவாகப் பேச மருத்துவச் சான்றிதழா வேண்டும்? ஒத்திகை என்று எல்லாருக்கும் முன்கூட்டியே சொன்னால் போதுமே.

ரெட்ஹில் சித்தி:
ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டர் நடத்தும் வேலைவாய்ப்பு மையத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்த வேலை ஒத்துவரும் என்று முதலில் பார்த்து, பயிற்சி கொடுத்து, சேர்ந்த பிறகும் துணை நிற்கிறார்கள். என் அக்கா மகள் அப்படித்தான் ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறாள். அங்கே முதலாளிக்கு முதலிலிருந்தே தெரியும். ஆனால் உங்கள் மகன் ஐடி படித்தவன், அவன் படிப்புக்கேற்ற வேலை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். அப்புறம், இதை அவனிடமே கேட்டீர்களா?

ஈசூன் அம்மா:
நேற்றிரவு கேட்டேன். விண்ணப்பத்தில் போட வேண்டாம், கேள்விகளை மட்டும் எழுத்தில் முன்கூட்டிக் கேட்கிறேன் என்கிறான். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடுவானாம். அந்த மையத்துக்கும் வருகிறேன் என்றான்.

மனிதவளக்காரன்:
சரி, அப்படியே செய்யட்டும். என்ன வேண்டும் என்பதை மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆனாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடுவதுதான் நல்லது.

புக்கிட் பாஞ்சாங் வாசி:
தகுதிகாண் காலம் முடியட்டும். அப்போதும் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் சொல்லட்டும்.